புளித்தண்ணீரில் கரையாத மாத்திரை

"இதான் மேடம் ப்ரூஃப்," என்று சொல்லி பார்த்திபன் மேசையின் நடுவில் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்தான்.

டம்ளரில் முக்கால் அளவுக்குப் புளித்தண்ணீர். அடியில் செங்கல் நிறத்தில் ஒரு மாத்திரை. பெரிய மொச்சைக்கொட்டை அளவு இருந்தது. மேலே ஒரு கீறல்கூட விழவில்லை.

"நேத்து சாயந்திரம் ஆறு மணிக்குப் போட்டது. இப்ப மணி ஒன்பது. பதினஞ்சு மணி நேரம். கரையல."

இளையபெருமாள் குனிந்து மோந்து பார்த்தான். "ரசம் பதமா வந்துருக்குது சார். கொத்தமல்லிதான் கம்மி."

"காமெடி பண்ற நேரமா இது?"

"அவன் எல்லா நேரத்துலயும் பண்ணுவான். நீங்க விஷயத்தைச் சொல்லுங்க," என்றாள் ஆண்டாள்.

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில், உரக்கடை மாடியில் இருந்தது ஆண்டாளின் துப்பறியும் அலுவலகம். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக இருபது வருஷம் பொய்க் கணக்குகளை மோப்பம் பிடித்தவள். பொய் சொல்கிறவர்கள் மீது அவளுக்குக் கோபம் கிடையாது. அவர்களால்தான் பிழைப்பு நடந்தது. தப்பாகத் தெரிந்துகொண்டு அதைச் சத்தமாகச் சொல்கிறவர்களைக் கண்டால்தான் மூக்கு விடைக்கும். இளையபெருமாள் அவளுடைய உதவியாளன், ஓட்டுநர், தலைவலி. வயது நாற்பது.

பார்த்திபன் பஸ் ஸ்டாண்டு அருகே கணக்கு டியூஷன் சென்டர் நடத்துகிறவன். போர்டில் தன் படத்தைத் தன் பெயரைவிடப் பெரிதாகப் போட்டிருந்தவன்.

"என் ஒய்ஃப் வெண்மதிக்குப் பெருங்குடல்ல புண்ணு. வயசு இருபத்தாறு. பாண்டியில பெரிய டாக்டர்கிட்ட காட்டி ரெண்டு வருஷமா வைத்தியம். போன அக்டோபர்ல இந்த மாத்திரைய எழுதுனாங்க. மூணு மாசம் அருமையா கேட்டுச்சு. ஜனவரிக்கு அப்புறம் மறுபடி ரத்தம். இப்ப எழுந்து நடக்கவே முடியல. திங்கக்கிழமை காலையில ஆபரேஷன். பெருங்குடல எடுத்துட்டு வயித்துல பை மாட்டப் போறாங்க." அவன் சுவர்க் காலண்டரைக் காட்டினான். "இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

"மருந்து ஏன் கேக்கல?"

"போலி மேடம்! பஜார்ல மகாலட்சுமின்னு ஒரு பொம்பள மருந்துக்கடை வெச்சிருக்குது. அதுகிட்டதான் வாங்குறேன். அது பிளாஸ்டிக் மாத்திரைய வித்துட்டு இருக்குது. உணவே மருந்துன்னு ஆலோசனை சொல்ற அன்புமணி சார் இதே டெஸ்ட்ட பண்ணி வீடியோ போட்டுருக்கார். நாப்பத்தோராயிரம் பேர் பாத்துருக்காங்க. நீங்க அந்த மகாலட்சுமிய ஆதாரத்தோட உள்ள தள்ளணும்."

"உங்களுக்கு இன்னா வேணும்? உங்க சம்சாரத்தோட குடலா, மகாலட்சுமியா?"

பார்த்திபன் பதிலுக்கு ஒரு வினாடி தாமதித்தான். ஆண்டாள் அந்த ஒரு வினாடியை மனதில் குறித்துக்கொண்டாள்.

"ரெண்டும்தான்."

"மாத்திரைய ஒழுங்கா சாப்புடறாங்களா?"

"மூணு வேளை. என் கையால குடுக்கறேன். ஒரு வேளை தவறல."

"நான் வெண்மதிய பாக்கணும்."

"அவ படுத்துருக்கா மேடம். பேச முடியாது. எல்லா டீடெய்லும் என்கிட்ட இருக்குது. என்னைக் கேளுங்க."

அவன் இறங்கிப் போனதும் இளையபெருமாள் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். "மேடம், குடலு அந்தம்மாவுது, டீடெய்ல் மட்டும் இவருதாம்."

"சாவிய எடு," என்றாள் ஆண்டாள்.

*

மகாலட்சுமியின் மருந்துக்கடையில் மகாலட்சுமியைத் தவிர ஒருவரும் இல்லை. எதிர்க்கடை வாசலில் நின்று நாலு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்ப்பதற்குச் சாட்சி வேண்டும் என்பதுபோல ஒருவன் போனை வேறு தூக்கிப் பிடித்திருந்தான்.

"நீங்களும் வீடியோ எடுக்க வந்தீங்களா?" என்றாள் மகாலட்சுமி. பதினெட்டு வருஷமாக மருந்து விற்கிறவள். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் நேராக இருந்தது.

"மாத்திரை டப்பாவ காட்டுங்க."

டப்பா வந்தது. இளையபெருமாள் அட்டையிலிருந்த கியூஆர் கட்டத்தைப் போனில் பிடித்தான். கம்பெனிப் பெயர், தொகுதி எண், தயாரித்த மாதம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. "டப்பா யோக்கியம்தான் மேடம்."

"இந்த மாத்திரைய இந்த ஊர்ல ரெண்டே பேருக்குத்தான் குடுக்கறேன்," என்றாள் மகாலட்சுமி. "ஒண்ணு வெண்மதிக்கு. இன்னொண்ணு வல்லம் ஸ்கூல் வாத்தியார் ஜெயராமனுக்கு. ரெண்டு பேருக்கும் இதே டப்பாவுலேர்ந்துதான் அட்டைய எடுத்துக் குடுத்தேன்."

ஆண்டாள் ஜெயராமனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"உடம்பு எப்படி சார் இருக்குது?"

"யாரும்மா நீங்க? ஓட்டு கேக்கறீங்களா?"

"மாத்திரை கேக்குதான்னு கேக்கறேன்."

"ஓ, அதுவா. நல்லா கேக்குது. போன வருஷம் இந்நேரம் பாடம் நடத்தும்போதே பாதியில ஓடுவேன். இப்ப ரெண்டு பீரியட் தொடர்ச்சியா எடுக்கறேன். பசங்கதான் பாவம்."

போனை வைத்தாள். ஒரே டப்பா. ஒருவர் பாடம் நடத்துகிறார். ஒருத்திக்குத் திங்கட்கிழமை குடலை அறுக்கப்போகிறார்கள்.

"அப்ப இது ஏன் கரையல?" இளையபெருமாள் புளி டம்ளரை நீட்டினான்.

மகாலட்சுமி அதைப் பார்த்ததும் முதல்முறையாகச் சிரித்தாள். அது மகிழ்ச்சிச் சிரிப்பு இல்லை. "புளியில கரைஞ்சாதான் சார் அது போலி."

"புரியற மாதிரி சொல்லுங்க."

"இது பெருங்குடலுக்குப் போட்ட ரிஜிஸ்டர் தபால். மேல இருக்குற செவப்புப் பூச்சுதான் கவர். வயித்துக்குள்ள புளிப்பு, அங்க கவர் பிரியக்கூடாது. பிரிஞ்சா மருந்து வழியிலயே ரத்தத்துல போய்டும், புண்ணு இருக்குற எடத்துக்குப் போய்ச் சேராது. கீழ குடல்ல புளிப்பு போய் சோடா மாதிரி ஆயிடும். அங்க போனாதான் கவர் பிரியும். மருந்து புண்ணு மேலயே விழும். அதுக்காகத்தான் இத்தனை விலை போட்டு செய்யறான்."

அவள் ஒரு பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, ரெண்டு ஸ்பூன் ஆப்பசோடாவைக் கலக்கினாள். புது அட்டையிலிருந்து ஒரு மாத்திரையை உள்ளே போட்டு மூடினாள்.

"இதையும் கூட எடுத்துட்டுப் போங்க. உச்சிப்பொழுதுக்குள்ள பாருங்க."

இளையபெருமாள் ஒரு கையில் புளியும் ஒரு கையில் சோடாவுமாக நின்றான். "மேடம், வண்டிய யார் ஓட்டுறது? இந்தக் கோலத்துல போனா என்னைய போலீஸ் புடிக்காது, பிரியாணிக்கடைதான் புடிக்கும்."

ஆண்டாள் வண்டியை ஓட்டினாள்.

*

ராஜகிரிக் கோட்டைக்குப் போகிற வழியில், சுற்றுலா பஸ்கள் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு பச்சைநிறக் கட்டடம். 'அன்புமணி உணவே மருந்து ஆலோசனை நிலையம்.' டாக்டர் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய இடத்தில் ஒரு ஸ்டெதாஸ்கோப் தொங்கியது.

உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். முன்வரிசையில் பார்த்திபன். "நீங்க வருவீங்கன்னு சார்கிட்ட நான்தான் சொல்லி வெச்சேன்," என்றான் பெருமையாக.

"துப்பறியறதுக்கு முன்னாடியே சேதி சொல்லிட்டீங்க. ரொம்ப உதவி," என்றாள் ஆண்டாள்.

அன்புமணி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய அறிவு. "வயிறுங்கறது நெருப்பும்மா," என்று ஆரம்பித்தார். "புளிங்கறது அந்த நெருப்போட தங்கச்சி. தங்கச்சிகிட்ட கரையாதது அக்காகிட்ட எப்படிக் கரையும்?"

இளையபெருமாள் அவரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். "சார், அஞ்சு வருஷம் முன்ன தளவானூர்ல எங்க அண்ணி ஊட்டுக்குத் தண்ணி மிஷின் விக்க வந்தது நீங்கதானே? டம்ளர் தண்ணியில ரெண்டு கம்பிய வுட்டு துரு கலர் ஆக்கிக் காட்டுனீங்க. அண்ணி பயந்துபோய் மிஷினு வாங்கிடுச்சு. துரு கம்பியிலேர்ந்து வந்துச்சுன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது."

காத்திருந்தவர்களில் யாரோ களுக்கென்றார்கள்.

"அது பழைய தொழில்," என்றார் அன்புமணி.

"தொழில் மாறல. டம்ளருதான் மாறிருக்குது," என்றாள் ஆண்டாள். அவள் கண் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. மெல்லிய வெள்ளைத் துணிக்குள் வெள்ளி நிறத்தில் ஏதோ மின்னியது. "பையில இன்னா அட்டை?"

"இதுவா... கேஸ் மாத்திரை. எப்பவாவது போடறது."

"ஒண்ணு குடுங்க."

பன்னிரண்டு பேர் பார்க்கிறபோது ஒரு மாத்திரையைக் கொடுக்கமாட்டேன் என்று சொல்ல அவரால் முடியவில்லை. ஆண்டாள் அதை வாங்கி, செங்கல் நிற மாத்திரைக்குப் பக்கத்தில், அதே புளித்தண்ணீரில் போட்டாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"கால் மணி நேரம்."

கால் மணி நேரம் ஒருவரும் எழுந்து போகவில்லை. வெளியே குரங்கு ஒன்று யாருடைய வெள்ளரிக்காயையோ பிடுங்கிக்கொண்டு ஓடியது. அதைக்கூட யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாத்திரை டம்ளரில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

"கரையலயே," என்றாள் ஆண்டாள். "இதுவும் பிளாஸ்டிக்கா?"

"அது... அது வேற இது வேற."

"ரெண்டும் ஒண்ணுதான். வயித்துப் புளிப்புல கரையக்கூடாதுன்னு உங்க மாத்திரைக்கும் பூச்சு போட்டுருக்கான். நீங்களும் முழுங்கறீங்க, உங்களுக்குக் கேக்குது. பெருமாளு, அந்த பாட்டில தொற."

சோடா பாட்டிலில் மாத்திரையின் செங்கல் பூச்சு தோல் உரிந்து மிதந்தது. உள்ளே இருந்த மருந்து தவிட்டு நிறத்தில் கலங்கி அடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

அவலூர்பேட்டையிலிருந்து நெஞ்செரிச்சலுக்கு வந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். "ஏன்யா, எனக்கு மாத்திரைய நிறுத்திட்டு சுரக்காய் ஜூஸ் குடின்னு சொல்லிட்டு, நீ மட்டும் கமுக்கமா முழுங்கறியா?"

அன்புமணி ஏதோ சொன்னார். ஒருவருக்கும் கேட்கவில்லை. எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

*

வாசலில் பார்த்திபன் ஆண்டாளை மறித்தான். முகத்தில் வெட்கம் இருக்கும் என்று இளையபெருமாள் எதிர்பார்த்தான். இருந்தது எரிச்சல்.

"சரி, மாத்திரை நல்லதுன்னே வெச்சுக்குவோம். அப்ப ஏன் கேக்கல? அவ உடம்புதான் மேடம் அப்படி. அவங்க குடும்பத்துலயே யாருக்கும் வயிறு சரியில்ல. நான் பண்ண வேண்டியத கரெக்டா பண்ணிட்டேன். பாருங்க."

கைப்பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தான். கட்டம் கட்டி, மார்ஜின் விட்டு, அக்டோபரிலிருந்து ஒவ்வொரு நாளும் எழுதியிருந்தான். 'கா 8.00 – 1 மா. ம 2.00 – 1 மா. இ 8.00 – 1 மா.' கையெழுத்து அச்சுப்போல இருந்தது. தேதி ஒன்றுகூட விடுபடவில்லை.

ஆண்டாள் பக்கங்களைப் புரட்டினாள். ஜனவரி இருபத்திரண்டில் விரல் நின்றது. அன்றிலிருந்து ஒவ்வொரு வரியிலும் ஓர் எழுத்து கூடியிருந்தது. '1 மா. தே.'

"பெருமாளு, 'தே'ன்னா இன்னா?"

"தேதி? தேங்கா? தேவலாம்?" இளையபெருமாள் யோசித்தான். "தேவலாம்னா எதுக்கு மேடம் ஆபரேஷன்?"

"தேன்," என்றாள் ஆண்டாள்.

பார்த்திபன் தலையாட்டினான். "ஆமா, தேன். கசப்பு தெரியாம இருக்க."

"முழுசா முழுங்குற மாத்திரை எங்க சார் கசக்கும்?"

பார்த்திபன் நோட்டை அவள் கையிலிருந்து வாங்கப் பார்த்தான். தேன் எதற்குச் சேர்ப்பார்கள் என்று இந்தப் பக்கத்தில் பால்குடி மறந்த எல்லோருக்கும் தெரியும். பொடியைக் குழைக்க.

"வண்டிய எடு. சிறுகடம்பூருக்கு, சார் வீட்டுக்கு."

"அவ தூங்குவா மேடம்..."

"எழுப்புவோம்," என்றாள் ஆண்டாள்.

*

வெண்மதி தூங்கவில்லை. குளியலறைக் கதவுக்கு மிக அருகில் போட்டிருந்த கட்டிலில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. பார்த்திபன் பின்னாலேயே ஓடிவந்தான்.

ஆண்டாள் முதலில் சமையலறைக்குப் போனாள். இஞ்சி தட்டும் சின்னக் கல்லுரல் மேடைமேல் கழுவிக் கவிழ்த்திருந்தது. நிமிர்த்திப் பார்த்தாள். கல்லின் துளைகளிலெல்லாம் செங்கல் நிறம் ஏறியிருந்தது. இஞ்சிக்கு அந்த நிறம் கிடையாது.

அதைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் வைத்தாள்.

"உன்னைய ஒண்ணு கேக்கலாமாம்மா?"

"கேளுங்க," என்றாள் வெண்மதி. "யாரும் கேக்கறதில்ல."

"மாத்திரைய எப்படி சாப்புடறே?"

"இவருதான் இடிச்சு, பொடியாக்கி, தேன்ல கொழைச்சுக் குடுப்பாரு. ஸ்பூன்ல ஊட்டிவுடுவாரு."

"எப்பலேர்ந்து?"

"பொங்கல் முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். அன்னைக்கு நான் வெளியப் போனப்ப மாத்திரை அப்படியே முழுசா வந்துருந்துச்சு. பயந்துபோய் இவர்கிட்ட சொன்னேன். இவரு போய் அன்புமணிகிட்ட கேட்டாரு. உள்ள கரையலன்னா வெளியவே கரைச்சுக் குடுன்னு சொன்னாராம்."

ஆண்டாள் மகாலட்சுமிக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் வைத்தாள். "ஏம்மா, இந்த மாத்திரை முழுசா வெளிய வருமா?"

"வரும் மேடம். சில பேருக்கு எப்பவாவது வரும். அது மாத்திரை இல்ல, வெறும் கூடு. நசுக்குனா உள்ள ஒண்ணும் இருக்காது. கடுதாசிய குடுத்துட்டு கவர் மட்டும் வந்துருக்குதுன்னு அர்த்தம். ஏன்? யாராவது... ஐயோ! இடிச்சா குடுத்தாங்க?"

ஆண்டாள் போனை அணைத்தாள்.

மருந்து வேலை செய்ததற்கு வந்த ஒரே சாட்சி அந்தக் கூடு. அதைக் கண்டுதான் மருந்து வேலை செய்யவில்லை என்று தீர்ப்பு எழுதியிருந்தான் பார்த்திபன். தீர்ப்பு எழுதி, தினம் மூன்று வேளை தன் கையாலேயே நிறைவேற்றியும் இருந்தான்.

"டாக்டர்கிட்ட சொல்லலயா?" என்றாள் ஆண்டாள்.

"டாக்டரம்மா கேட்டாங்க. மாத்திரைய ஒழுங்கா சாப்புடறியான்னு என்னைப் பாத்துதான் கேட்டாங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள இவரு, மூணு வேளையும் என் கையால குடுக்கறேன் டாக்டர்ன்னு சொல்லிட்டாரு."

ஆண்டாளுக்குக் காலையில் தன் மேசையில் வைத்துத் தானும் அதே கேள்வியைக் கேட்டதும், அதே பதிலை வாங்கிக்கொண்டு திருப்திப்பட்டதும் ஞாபகம் வந்தது. இருபது வருஷ அனுபவம்! தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

"நான் வேணும்னேவா பண்ணேன்?" பார்த்திபனின் குரல் உயர்ந்தது. "அக்கறையிலதானே பண்ணேன்? ராத்திரி எட்டு மணிக்கு க்ளாஸ நிறுத்திட்டு வந்து இடிச்சுருக்கேன் மேடம்!"

"வேணும்னே செய்யறவன ஒரு நாள்ல புடிச்சுடலாம் சார். அவன் பயப்படுவான், மறைப்பான், உளறுவான். உங்கள மாதிரி ஆள புடிக்கறதுதான் கஷ்டம். நோட்டு போட்டு எழுதி வெச்சுட்டு, நீங்களே பணம் குடுத்து துப்பறியவும் கூப்புடுவீங்க. அட்டையிலயே எழுதியிருக்குது, உடைக்காதே, மெல்லாதே, அப்படியே முழுங்குன்னு. நாப்பத்தோராயிரம் பேர் பாத்த வீடியோவ பாக்கத் தெரிஞ்சுது, கையில இருக்குற அட்டைய படிக்கத் தெரியல."

இளையபெருமாள் கல்லுரலை எடுத்துக் கவிழ்த்து வைத்தான்.

ஆண்டாள் பாண்டி டாக்டரின் எண்ணை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டாள். நாலே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள்.

"ரெண்டு மாசமாவா?" என்றது டாக்டரம்மாவின் குரல். "கடவுளே. எப்படி சாப்புடறாங்கன்னு நானும் கேட்டிருக்கணும். சரி, இப்ப ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகுது?"

"ஏழு டாக்டர்," என்றான் பார்த்திபன்.

"பதினொண்ணு," என்றாள் வெண்மதி.

பார்த்திபன் திரும்பினான்.

"பதினொண்ணு டாக்டர். ராத்திரி நாலு தடவை லைட்டப் போடாம போய்ட்டு வருவேன். அவருக்குத் தெரியாது. ரத்தம் எல்லாத் தடவையும் வருது. நேத்துலேர்ந்து காய்ச்சலும் இருக்குது."

"யாரு பேசறது? வெண்மதியா?"

"ஆமாங்க. நான்தான்."

"திங்கக்கிழமை வரைக்கும் காத்திருக்காதம்மா. இன்னைக்கே கெளம்பி வா. பெட்டு போடச் சொல்றேன். முதல்ல ஊசியில அடக்குவோம், அப்புறம் மாத்திரைய முழுசா முழுங்க வெச்சுப் பாப்போம். தியேட்டர் லிஸ்ட்லேர்ந்து உன் பேர எடுத்துடறேன். கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா மருந்து குடல்ல படாமலேயே குடல அறுக்க எனக்கு மனசு வராது."

பார்த்திபன் அவசரமாகக் கார் சாவியை எடுத்தான். வெண்மதி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி எழுந்தாள்.

"நீங்க இருங்க," என்றாள் அவனிடம். "இவங்க கூடப் போய்க்கறேன்."

"நான் வராம எப்படி? டாக்டர் ஏதாவது கேட்டா...?"

"என்னைத்தானே கேப்பாங்க," என்றாள் வெண்மதி.

*

திண்டிவனம் ரோட்டில் இளையபெருமாள் காரை மெதுவாகவே ஓட்டினான். ஆண்டாள் பின்சீட்டில் வெண்மதியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தீவனூர் தாண்டியது. வெண்மதி கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள். விரல்கள் வெளுத்தன. உதட்டைக் கடித்தாள். இரண்டு கிலோமீட்டர் அப்படியே போனது.

பிறகு கைப்பிடியை விட்டாள்.

"அண்ணா, வண்டிய நிறுத்துங்க," என்றாள் உரக்க. "எனக்குக் கக்கூஸ் போகணும். இப்பவே."

இளையபெருமாள் உடனே இண்டிகேட்டரைப் போட்டு, காரை எதிரே தெரிந்த பெட்ரோல் பங்குக்குள் திருப்பினான்.